எலும்புத்தூள் இரண்டு கரண்டி

அந்தச் செடியின் பெயர் கிரெவிலியா. அவுஸ்திரேலியாவில் அது தன்பாட்டில் வளரும் புதர். அங்கே வீட்டு முற்றங்களில் வேலிக்குப் பதிலாகவும் நடுவார்களாம். மொன்றியலில் அதை மண்ணில் நட முடியாது. முதல் டிசம்பரிலேயே செத்துவிடும். சாடியில் வைத்து, உறைபனிக்கு முன் உள்ளே எடுத்து, மே மாதக் கடைசியில் மறுபடி வெளியே விட வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதை நான் ஏறக்குறையக் கொன்றேன்.

செடி வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் மகளுக்கு நடந்த விபத்து. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒக்டோபரில், வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஓரமாக நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ திறந்தார்கள். அவள் தெரு நடுவில் விழ, பின்னால் வந்த வான் அவளுடைய இடுப்பில் இடித்து நின்றது. அப்போது அவளுக்கு இருபது வயது.

நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடமொன்றில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். குளிர் அறைகளின் வெப்பநிலை நான்கு பாகைக்கு மேல் போகாமல் பார்ப்பது என் பொறுப்புகளில் ஒன்று. அந்த அறைகளுக்குள் தொலைபேசி கொண்டுபோகக் கூடாது, லொக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். அன்றைக்கு நான் வெளியே வந்து பார்த்தபோது பதினொரு எடுக்காத அழைப்புகள் இருந்தன. கடைசி ஐந்தும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை.

இப்போது தொலைபேசியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் குளிர் அறைக்குள் போகிறேன். விதிக்கு மாறான காரியம். அந்த விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்தான்.

அவள் ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, படுக்கையில் கிடந்து, வோக்கர் பிடித்து, கடைசியில் ஒற்றைத் தடியோடு நடந்தாள். படுத்திருந்த மாதங்களில் அவள் தொலைபேசியில் பார்த்ததெல்லாம் செடிகள். ஏன் அவுஸ்திரேலியச் செடிகள் என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து ஆற்றுக்கு அப்பால், லவாலில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண்ணாடி வீடு கட்டி அவற்றை வளர்க்கிறார் என்று அவளே கண்டுபிடித்தாள். ஜூன் மாதத்தில் ஒருநாள், "அப்பா, நாளைக்கு லீவுதானே, என்னை அங்க கூட்டிக்கொண்டு போறீங்களோ?" என்று கேட்டாள். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்காவது போக வேண்டுமென்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாங்கள் இருப்பது மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில். கோடையில் இங்கிருந்து லவாலுக்குக் கார் ஏற்றும் சின்னப் படகு ஓடும். அந்தத் துறைக்குப் போக வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். அன்றைக்கு எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

"அப்பா, முப்பதில போறீங்கள். பின்னால வாற மனுசன் அழப்போறான்."

"அவசரம் எண்டா முந்திப் போகட்டும்."

"இந்த ரோட்டில எங்கால முந்துறது? ஆத்துக்குள்ளாலயோ?"

படகு நகர்ந்ததும் அவள் காரை விட்டு இறங்கி, தடியை ஊன்றிக் கம்பி ஓரமாகப் போய் நின்றாள். நானும் இறங்கி அவளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றேன். ஆறு அமைதியாகத்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "பிடிக்கிறதெண்டா வடிவாப் பிடியுங்கோ, இல்லாட்டிக் காருக்குள்ள போய் இருங்கோ. கையை நீட்டிக்கொண்டு நிக்காதேங்கோ" என்றாள். கை நீட்டிக்கொண்டு நின்றது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தபால்காரர் கிரெவிலியாவைக் காட்டினார். முழங்கால் உயரம். இலைகள் ஊசிபோல ஒடுங்கி, மேலே பச்சையும் அடியில் சாம்பலுமாக இருந்தன. அப்போது பூவில்லை. படத்தில் காட்டினார்: சிவப்பாக, சிலந்தி கால்களைச் சுருட்டிக்கொண்டு தொங்குவதுபோல ஒரு பூ. குளிர்காலத்தில் பூக்குமாம். அவர் பிரெஞ்சில், எனக்காக மெதுவாக, சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல வெளிச்சம் வேண்டும். குளிர்காலத்தில் ஐந்தாறு பாகையில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பசளை எதுவும் கூடாது. ஒரு துளிகூட.

"பூக்கிறதுக்குக்கூடவா?" என்று கேட்டேன்.

"பூக்க வேண்டுமென்றால் கட்டாயம் கூடாது" என்றார்.

அவர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். நைதரசன் இலைக்கு, பொசுபரசு வேருக்கும் பூவுக்கும், பொட்டாசியம் காய்க்கு என்று எத்தனையோ பிள்ளைகளைப் பாடமாக்க வைத்திருக்கிறேன். அதை ஒரு தபால்காரர் ஒரு பின்னேரத்தில் மாற்றிவிட முடியாது. போதாததற்கு, பக்கத்துச் சாடியில் நின்ற ஒரு கன்றை எனக்கு அடையாளம் தெரிந்தது. மலைநாட்டில் தேயிலைக்கு நிழலாக நிற்குமே, சில்வர் ஓக், அது. அதுவும் கிரெவிலியா இனம்தான் என்றார். தேயிலைக்குப் போடும் பசளையைத் தின்று அந்த மரம் வானத்துக்கு வளர்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். திரும்பி வரும்போது படகில் இதை மகளுக்கு விளக்கினேன். அவள் சாடியை மடியில் வைத்துக்கொண்டு, "ஓம் அப்பா" என்றாள்.

இலையுதிர்காலத்தில் அவளே எல்லா ஏற்பாட்டையும் செய்தாள். எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது, சூடாக்கி இல்லாதது. அங்கே ஒரு சின்ன மின்சார ஹீற்றரை வைத்து, ஆறு பாகைக்கு மேல் போகாதபடி பூட்டினாள். டிசம்பரில் கிளை நுனிகளில் மொட்டுகள் வந்தன. சுருட்டிய சீப்புபோல, மயிர் படர்ந்த சின்ன மொட்டுகள். அவள் தடியில்லாமல் நடக்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

ஜனவரியில் ரிமூஸ்கியில் அவளுக்கு நான்கு மாதப் பயிற்சி வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போக வேண்டும். திரும்பி வந்ததும், ஜூலையில், மொன்றியலில் வில்ரேப் பகுதியில் ஒரு சிநேகிதியோடு வீடு எடுப்பதாகவும் முடிவாகியிருந்தது. இரண்டையும் ஒரே நாளில், சாப்பாட்டு மேசையில் சொன்னாள். செடியை அந்தச் சிநேகிதியிடம் விட்டுப் போகலாமென்று நினைத்திருந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"உங்களிட்ட விடப் பயமாக் கிடக்கு."

"ஏன் பிள்ளை? இவ்வளவு கறிவேப்பிலை வளர்க்கிறன்."

"அதுதான் பயம். இதுக்கு ஒண்டும் செய்யாம இருக்கவேணும். உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

"தண்ணி மட்டும் ஊத்துவன். வேற ஒண்டும் செய்யமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அவளைத் தனியே அவ்வளவு தூரம் விட என்னால் முடிகிறதா என்று பார்க்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது, யாருக்கும் சொல்லவில்லை. ஏப்ரலில் அவள் வந்து கதவைத் திறக்கும்போது செடி முழுவதும் சிவப்பாகப் பூத்து நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருக்கிறேன் என்று அவள் சொல்ல வேண்டும்.

ஒரு கிழமை சொன்னபடி இருந்தேன். இரண்டாம் கிழமை வெளியே மைனஸ் இருபத்தேழு வந்தது. கண்ணாடி அறையின் உட்பக்கத்தில் பனி பூத்திருந்தது. ஹீற்றர் ஆறு பாகை என்றுதான் காட்டியது. வேலையிடத்தில் நாள் முழுக்க அந்த இலக்கங்களை நம்பிக் கையெழுத்து வைக்கிறேன். வீட்டில் நம்ப முடியவில்லை. சாடியைத் தூக்கிவந்து குசினி ஜன்னலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எங்கள் கறிவேப்பிலைக்கு ஒன்பது வயது. இந்த நகரில் தமிழர் வீடுகளில் அது குளிர்காலம் முழுக்க ஜன்னலோரத்தில் நோயாளிபோல இருக்கும், எல்லாரும் வாரத்துக்கொரு தடவை அதன் சுகத்தை விசாரிப்பார்கள். நாங்கள் அதற்குக் கொடுப்பது மீன் தண்ணீர். சனிக்கிழமைகளில் செயின்ட்-மிஷேலில் உள்ள கடையில் மீன் வாங்கி வந்து நானே வெட்டிக் கழுவுவேன். உப்புப் போடுமுன் கழுவும் முதல் தண்ணீர் கறிவேப்பிலைக்கு. அந்தச் சனிக்கிழமை சட்டியில் கொஞ்சம் மிஞ்சியது. பக்கத்தில் கிரெவிலியா நின்றது.

மனைவி கழுவுத்தொட்டியடியில் நின்றாள். அவள் ஒரு கார்டரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது அவளுக்கு முதலே தெரியும்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை அதுக்கு ஒண்டும் ஊத்த வேண்டாம் எண்டெல்லே சொல்லிப்போட்டுப் போனவள்?"

"மொட்டு நேரம். பொசுபரசு இல்லாட்டி எல்லாம் கொட்டுண்டு போகும். உமக்கு விளங்காது."

"ஓம் மாஸ்டர். உந்தச் செடி உங்களிட்ட ரியூசனுக்கு வந்ததோ?"

அடுத்த சனிக்கிழமையும் ஊற்றினேன். அதற்கடுத்த நாள் கராஜுக்குள் போய், தக்காளிக்கு வாங்கி வைத்திருந்த எலும்புத்தூளை எடுத்துவந்து, இரண்டு கரண்டி மேல்மண்ணில் கிளறிவிட்டேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கடமையைச் செய்த நிம்மதி.

பெப்ரவரி தொடக்கத்தில் குருத்து இலைகள் மஞ்சளாகின. பழைய இலைகளின் நுனிகள், ஊதுபத்தியால் ஒவ்வொன்றாகச் சுட்டதுபோல, கபில நிறமாகக் கருகின. மொட்டுகள் கொட்டத் தொடங்கின. அவற்றை எறிய மனமில்லாமல் ஒரு சின்னத் தட்டில் பொறுக்கி வைத்தேன்.

மகள் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வருவாள். செடியைக் காட்டச் சொல்வாள். அவள் வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் சாடியைக் குசினியிலிருந்து கண்ணாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கருகாத பக்கத்தை முன்னால் திருப்பி வைப்பேன். பேசி முடிந்ததும் மறுபடி குசினிக்கு. சூட்டிலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து சூட்டுக்கும் நான் தூக்கித் திரிந்ததே அதைப் பாதி முடித்திருக்கும்.

"மற்றப் பக்கத்தையும் காட்டுங்கோ அப்பா."

"அந்தப் பக்கம் வெளிச்சம் காணாது. பேந்து காட்டுறன்."

மனைவி கமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அழைப்பு முடிந்ததும் சொல்வாள்: "எங்கட கார்டரியில மூண்டு வயசுப் பிள்ளையள் உப்பிடித்தான், உடைஞ்ச கிளாசை முதுகுக்குப் பின்னால வச்சுக்கொண்டு நிக்குங்கள்."

அதற்குப் பிறகுதான் வாசித்தேன், முதலில் செய்திருக்க வேண்டியதை. அவுஸ்திரேலியாவின் மண் மிகப் பழையது. பொசுபரசு அதில் இல்லையென்றே சொல்லலாம். அந்த மண்ணில் பிழைப்பதற்காக இந்த இனச் செடிகள் தூரிகைபோல அடர்ந்த சிறு வேர்களை விட்டு, இருக்கிற துளியையும் உறிஞ்சக் கற்றுக்கொண்டன. நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை. நிறையக் கொடுத்தால் எல்லாவற்றையும் இழுத்து, இலையில் நிரப்பி, அதிலேயே கருகும். சில்வர் ஓக் தாங்கிக்கொள்ளும், இது தாங்காது. நான் படிப்பித்த பாடம் பிழையில்லை. ஆனால் அந்தப் பாடத்தில் வராத செடியும் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பெப்ரவரியின் கடைசி ஞாயிறு, காட்ட நல்ல பக்கம் மிஞ்சவில்லை. சாடியைக் குசினி மேசையில் வைத்து, சுற்றித் திருப்பிக் காட்டினேன்.

அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். பிறகு, "என்ன போட்டனீங்கள்?" என்றாள்.

"மீன் தண்ணி. ரெண்டு தரம்."

"வேற?"

"எலும்புத்தூள். ரெண்டு கரண்டி."

"எந்தக் கரண்டி? தேக்கரண்டியோ?"

"சோத்துக் கரண்டி."

"ஐயோ அப்பா." சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, சிரிப்பில்லை. "சத்தியம் பண்ணினனீங்கள். சத்தியம் பண்ணிப்போட்டு ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் திருப்பி வச்சுக் காட்டினனீங்கள்."

"ஓம்."

"நான் இல்லாத இடத்தில எனக்கு நல்லது செய்யிறதெண்டு வெளிக்கிட்டா உங்களை ஒருத்தராலும் நிப்பாட்டேலாது."

அவள் தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லத் தொடங்கினாள். மண்ணை எல்லாம் கழுவ வேண்டும், வேர் தெரியும்வரைக்கும், இப்படி, அலசி, தடவாமல். இரண்டு கைகளாலும் காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டில் கறுப்புப் பட்டி இறுக்கிக் கட்டியிருந்தது.

"அது என்ன கை?"

"முதல் செடிக் கதையை முடிப்பம்."

"பிள்ளை, கையில என்ன?"

"ஐசில வழுக்கினது. முறியேல்லை. எக்ஸ்ரே எடுத்தாச்சு."

"எப்ப?"

"பத்து நாளைக்கு முந்தி."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொன்னனீங்களோ?"

மனைவி என் தோளில் கையை வைத்தாள். நான் எழும்பிவிட்டேன் என்பது அப்போது தெரிந்தது. பின்னேரம் ஒரு பஸ் இருக்கிறது. காரில் போனால் இன்னும் கெதியாகப் போகலாம். இரண்டையும் மனதுக்குள் கணித்து முடித்திருந்தேன். மகள் திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மண்ணில திருப்பி வைக்கிறது?" என்று கேட்டேன்.

"கழுவின மணல். அதோட மரப்பட்டைத் துருவல். அந்த மனுசனுக்கு எடுத்துக் கேளுங்கோ" என்றாள். அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தபால்காரருக்கு எடுத்தேன். எவ்வளவு போட்டேன் என்று சொன்னேன். கரண்டியின் அளவை இரண்டு தரம் கேட்டார். பிறகு, மண்ணை மாற்றுங்கள், இரும்புச்சத்து கொஞ்சம் கொடுங்கள், அதற்குப் பிறகு அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வேறு ஏதாவது பொழுதுபோக்குத் தேடிக்கொள்ளுங்கள் என்றார்.

குளியல் தொட்டியில் வைத்து வேரைக் கழுவினேன். தூரிகைபோல என்று வாசித்தது உண்மைதான், சின்னச் சின்னக் கொத்துகள். பாதிக்கு மேல் கறுத்துப் போயிருந்தன. புது மண்ணில் வைத்து, கருகிய கிளைகளை வெட்டி, கண்ணாடி அறையில் ஆறு பாகையில் விட்டேன். மனைவி தண்ணீர் ஊற்றும் வாளியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி நான் ஊத்துறன். நீங்கள் கதவுக்கு இஞ்சால நிண்டு பாருங்கோ."

மார்ச் முழுவதும் கதவுக்கு இப்பால் நின்று பார்த்தேன். வேலைக்குப் போகும்போது ஒருதரம், வந்ததும் ஒருதரம். அதேபோல மகளுக்கும் ஞாயிறு மட்டும்தான் எடுத்தேன். கையைக் காட்டு என்று கேட்கவில்லை. எனக்கு இது எதுவும் சுலபமாக இருக்கவில்லை. வேலையில் இருக்கும்போது, காலுறைக்குள் இருந்த தொலைபேசி அதிர்கிறது என்று நினைத்துப் பல தடவை குனிந்தேன். அது அதிரவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில், ஒரு பக்கக் கிளையொன்றின் கணுவில் அரிசிமணி அளவில் ஒரு பச்சை தெரிந்தது. இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மனைவி, "நானும் போன கிழமையே பார்த்தனான். சொன்னா நீங்கள் ஏதும் ஊத்திப்போடுவீங்கள் எண்டு பேசாம இருந்தனான்" என்றாள்.

மகள் மாதக் கடைசியில் வந்தாள். பையைக்கூட இறக்காமல் சாடியைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கத்தில் இலை இருந்தது. மற்றப் பக்கம் வெறும் தடிகள். நகத்தால் ஒரு தடியைச் சுரண்டிப் பார்த்து, "உயிரோட இருக்கு" என்றாள். அவ்வளவுதான். பூவும் இல்லை, இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்ற கதையும் இல்லை. அந்தச் செடியை அவள் கொண்டுபோவாளா, எனக்கே விட்டுவிடுவாளா என்று கேட்கவும் துணியவில்லை.

ஜூலை முதலாம் திகதி, கியூபெக்கில் ஊரே வீடு மாறும் நாளில், அவளும் மாறினாள். கிரெவிலியாவைக் காரின் முன் சீட்டில் வைத்துப் பெல்ற் போட்டாள். நான் பின்னால் பெட்டிகளோடு இருந்தேன். அவள்தான் ஓட்டினாள்.

வீடு இரண்டாம் மாடி, வெளியால் ஏறும் இரும்புப் படி. அவள் சாடியைப் பல்கனியில் வைத்து, வெறும் பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பினாள்.

"ஏன் அந்தப் பக்கம்? போறவாறவை பார்ப்பினமே."

"வெயில் அங்காலதான் அப்பா." பிறகு என் கையைப் பார்த்தாள். "உந்தப் பையில என்ன?"

"கறிவேப்பிலைக் கண்டு."

"அது தெரியுது. போத்திலில?"

"மீன் தண்ணி. கறிவேப்பிலைக்கு."

அவள் மூடியைத் திறந்து மணந்துவிட்டு உடனே மூடினாள். உள்ளே போய் ஒரு மார்க்கரை எடுத்துவந்து, போத்திலில் கறிவேப்பிலைக்கு மட்டும் என்று பிரெஞ்சில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். சிநேகிதிக்குத் தெரிய வேண்டும் என்றாள். ஆனால் எழுதும்போது என்னைத்தான் பார்த்தாள்.

நடையில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. புதிது. அதன் கைபிடியில் தலைக்கவசம் தொங்கியது. நான் அதைத் தாண்டிப் போனேன். படியில் இறங்கத் தொடங்கியபோது அவள் பின்னால் வந்து கூப்பிட்டாள்.

"அப்பா, ஓகஸ்டில ரெண்டு கிழமை நாங்கள் ரெண்டு பேரும் இருக்கமாட்டம். வந்து தண்ணி ஊத்துவீங்களோ?"

"எங்க போறீங்கள்?"

"ஆத்துக்கரையால, சைக்கிளில."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் வீட்டுத் திறப்பை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி மட்டும்" என்றாள்.

"தண்ணி மட்டும்" என்றேன்.

ஓகஸ்டில் வேலை முடிந்து டோர்வலிலிருந்து நேரே போனேன். நடையில் சைக்கிள் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. பல்கனியில் கிரெவிலியாவின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். முதல்நாள் மழையில் மேலே ஈரமாக இருந்தது. ஊற்றவில்லை. வெறும் பக்கம் அப்படியே வெறுமையாகத்தான் இருந்தது. உள்ளே ஜன்னலோரத்தில் நின்ற கறிவேப்பிலைக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். தொலைபேசியை எடுத்து, அவளுடைய பெயர்வரைக்கும் போய், திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பத்து நிமிடம் அங்கே நின்றேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு படியால் இறங்கினேன்.